கெக்கில் பீர்: காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது?

நான் முதன்முதலில் கெக்கில் அடைத்தது ஒரு ஐபிஏ, ஹாப்ஸ் என்ற பூவின் மணம் தூக்கலாக இருக்கும் பீர் வகை. முதல் வாரம் ஆரஞ்சுத் தோலை விரலில் பிதுக்கியது போல மணந்தது. நிறம் வெளிர் பொன். நான்காவது வாரம் அதே குழாயைத் திறந்தால் ஆறிப்போன டீயின் நிறத்தில் இறங்கியது. மணம் இல்லை. வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம். புளிக்கவில்லை, பூஞ்சை இல்லை, குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஊற்றிக் கொட்ட வேண்டியதாயிற்று. அது ஒரு மாத உழைப்பு.

கெக் என்பது எஃகுப் பாத்திரம், அதில் அடைத்தால் பீர் அப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாத்திரம் பீரைக் காப்பாற்றாது. உள்ளே காற்று இல்லாமல் இருப்பதுதான் காப்பாற்றும். பாட்டிலில் நாலைந்து தடவை அடைத்துப் பார்த்துவிட்டு, அடுத்து கெக் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கும் அமெரிக்காவில், ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டத்தால், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச மத்திய அரசின் வரித் தடை நீங்கியது. வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. மாநிலங்களில் கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் அனுமதித்தன. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது அங்கே குற்றம்.

வாழைக்காயும் பீரும்

வாழைக்காயை நறுக்கியதும் நம் வீடுகளில் தண்ணீரில் போடுவார்கள். வெளியே வைத்தால் ஐந்து நிமிடத்தில் கறுத்துவிடும். பீருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். வாழைக்காயில் ஒரு என்சைம் அந்த வேலையைச் செய்கிறது, பீரில் என்சைம் இல்லாமல் மெதுவாக நடக்கிறது. ஆனால் இரண்டிலும் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுவது பாலிஃபீனால் என்ற ஒரே வகைப் பொருள்கள்தான். ஹாப்ஸிலிருந்தும், முளைகட்டிய பார்லியான மால்ட்டின் உமியிலிருந்தும் அவை பீருக்குள் வருகின்றன. ஹாப்ஸ் அதிகம் போட்ட ஐபிஏ சீக்கிரம் பழுப்பாவது இதனால்தான். அதன் மணம் போவதற்கும் ஆக்சிஜனே காரணம்.

அந்த அட்டைப்பெட்டி வாசத்துக்குப் பெரும்பாலும் டிரான்ஸ்-2-நோனனல் என்ற சேர்மத்தைக் காரணம் சொல்வார்கள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். அவ்வளவு கொஞ்சம் போதும்.

எல்லா நேரமும் ஆக்சிஜன் எதிரியும் இல்லை. ஈஸ்ட்டைப் போடும் நாளில் அது வேண்டும். ஈஸ்ட் பெருகுவதற்கு அதை எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் அன்றைக்குப் பாத்திரத்தை நன்றாகக் குலுக்கச் சொல்கிறார்கள். நொதித்தல் தொடங்கியதும் ஈஸ்ட்டே கார்பன் டை ஆக்சைடைக் கக்கி, மேலே இருந்த காற்றை வெளியே தள்ளிவிடும். பீர் தன் வாழ்நாளில் பத்திரமாக இருப்பது அந்த நாட்களில்தான். நொதித்தல் முடிந்து, நாம் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறோமே, அங்கே ஆரம்பிக்கிறது சிக்கல்.

காற்றில் கிடக்கும் பீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். அடைத்த பீரில் 0.05 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்று நல்ல ஆலைகள் பாடுபடுகின்றன. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.

குளிர்பானக் கடையிலிருந்து வந்த பாத்திரம்

வீட்டில் காய்ச்சுபவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் கார்னி கெக். மினசோட்டாவின் கார்னேலியஸ் நிறுவனத்தின் பெயரிலிருந்து சுருங்கி வந்த பெயர் அது. பீருக்காகச் செய்ததே இல்லை. உணவகங்களுக்குக் குளிர்பான சிரப்பை அனுப்பும் எஃகுக் குடம் அது, கொள்ளளவு 5 கேலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர். பிறகு சிரப்பை அட்டைப்பெட்டிக்குள் வைத்த பிளாஸ்டிக் பையில் அனுப்பத் தொடங்கியதும், ஆயிரக்கணக்கான குடங்கள் வேலையில்லாமல் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. வீட்டுக் காய்ச்சலுக்கு அது ஒரு கொடை.

இரண்டு வகை உண்டு. பெப்சி பயன்படுத்தியது பால்-லாக், உயரமாக ஒல்லியாக இருக்கும். கோகோ-கோலா பயன்படுத்தியது பின்-லாக், கொஞ்சம் குட்டை, அகலம். இப்போது புதிதாக விற்பவை பெரும்பாலும் பால்-லாக்தான். ஏதாவது ஒரு வகையில் ஆரம்பித்து அதிலேயே இருங்கள், கனெக்டர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

கெக்கின் தலையில் இரண்டு முனைகள், நடுவில் முட்டை வடிவ மூடி. ஒரு முனை வாயுவுக்கு, அதாவது சிலிண்டரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடுக்கு. அதன் கீழ் ஒரு விரல்கடை நீளத்துக்கு மட்டும் குழாய் இருக்கும். இன்னொரு முனை பீருக்கு. அதன் குழாய் கெக்கின் அடிவரை இறங்கும். மேலிருந்து வாயு அழுத்தும்போது அடியிலிருக்கும் பீர் அந்த நீளக் குழாய் வழியாக ஏறி வெளியே வரும். அவ்வளவுதான் கெக்கின் இயந்திர அறிவு. பீர் வெளியே போன இடத்தைக் காற்று நிரப்பாமல் கார்பன் டை ஆக்சைடு நிரப்புகிறது என்பதுதான் இதில் விசேஷம்.

இங்கிலாந்தின் மரபான காஸ்க் (பீப்பாய்) பீரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். அதில் வெளியே போன பீரின் இடத்தில் கடையின் காற்றே உள்ளே போகும். அதனால் திறந்த காஸ்க்கை மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். முதல் நாள் அந்தக் காற்று சுவையை மென்மையாக்குகிறது என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. கெக் பீர் வந்து காஸ்க்கை ஒழித்துவிடும் என்ற பயத்தில் 1971-இல் காம்ரா என்ற இயக்கமே பிறந்தது. பொது மதுக்கடையில் மூன்று நாளில் ஒரு காஸ்க் தீரும். ஒரு வீட்டில் 19 லிட்டர் தீர மாதம் இரண்டு ஆகும். நமக்குக் கெக்தான் சரி.

மேலே போர்வை கிடையாது

புதிதாக வருபவர்களுக்கு எல்லோரும் சொல்வது இது: "கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. கொஞ்சம் விட்டால் போதும், பீரின் மேல் போர்வை மாதிரிப் படிந்து காற்றைத் தடுத்துவிடும்." என் முதல் ஐபிஏவைக் கெடுத்தது இந்தப் பேச்சுதான். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊறுகாய் ஜாடியில் மேலே ஒரு விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்பார்கள். எண்ணெய் திரவம், ஊறுகாயோடு கலக்காது, மேலே நின்று காற்றைத் தடுக்கும். அது உண்மையான மூடி. வாயுக்கள் அப்படி இல்லை. பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் வாசம் வாசல்வரை வருகிறது. கனமோ லேசோ, வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்தே தீரும். கெக்கின் மேலே பீர் இல்லாத காலி இடத்தில் ஆக்சிஜன் இருந்தால், அது கார்பன் டை ஆக்சைடோடு கலந்து, பீரின் மேற்பரப்பைத் தொட்டு, மெல்லக் கரைந்து உள்ளே போய்விடும்.

சரி, அந்த ஆக்சிஜன் எவ்வளவு இருக்கும்? கெக்கில் 18 லிட்டர் பீர் நிரப்பி மேலே ஒரு லிட்டர் காலி இடம் விட்டதாக வைத்துக்கொள்வோம். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 280 மில்லிகிராம் வரும். அதை 18 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 15 மில்லிகிராமுக்கும் மேல். ஆலைகள் வைத்திருக்கும் வரம்பு 0.05. முந்நூறு மடங்கு!

இதற்கு வழி, அழுத்தி அழுத்தி விடுவது. வாயு முனையில் 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு) அழுத்தம் ஏற்றினால் உள்ளே மொத்த அழுத்தம் வெளிக்காற்றைப் போல மூன்று மடங்கு ஆகும். மூடியிலிருக்கும் வளையத்தை இழுத்து அதை வெளியே விட்டால், இருந்த ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். திரும்ப ஒரு தடவை செய்தால் ஒன்பதில் ஒரு பங்கு. மூன்று தடவை செய்துவிட்டுப் போதும் என்று விடுபவர்கள் அதிகம். மேலே சொன்ன கணக்கில் மூன்று தடவைக்குப் பிறகும் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் இருக்கும், வரம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல். ஆறாவது தடவையில்தான் 0.02-க்கு வருகிறது. நான் எட்டுத் தடவை செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் முழுதாக 30-க்கு ஏற்ற வேண்டும். உஸ் உஸ் என்று இரண்டு நொடி திறந்து மூடுவது கணக்கில் சேராது.

இது பீர் நிரப்பிய பிறகு மேலே மிஞ்சும் காற்றுக்கு. காலிக் கெக்கில் இருப்பதோ 19 லிட்டர் காற்று. அதற்குள் பீரை மேலிருந்து ஊற்றினால், சலசலவென்று விழும்போதே வேண்டிய மட்டும் ஆக்சிஜனை வாரிக்கொள்ளும். பிறகு எத்தனை தடவை அழுத்தி விட்டாலும், கரைந்தது கரைந்ததுதான். அதனால் பீர் வருவதற்கு முன்பே காற்றை வெளியேற்ற வேண்டும். மிக எளிய வழி, கெக்கைக் கிருமிநாசினிக் கரைசலால் விளிம்புவரை நிரப்புவது. ஸ்டார் சான் போன்ற, கழுவ வேண்டாத அமிலக் கரைசலாக இருக்கட்டும். நுரை வழிய வழிய நிரப்பி, லேசாகச் சாய்த்து மூடிக்கடியில் தங்கியிருக்கும் காற்றுக் குமிழையும் வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பிறகு வாயு முனையில் கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்தால், கரைசல் முழுவதும் பீர் முனை வழியாக ஒரு வாளிக்கு வந்துவிடும். அந்தக் கரைசலை எடுத்து வைத்து அடுத்த கெக்குக்கும் பயன்படுத்தலாம். உள்ளே நின்றுபோகும் கொஞ்சம் நுரையால் சுவைக்கு ஒன்றும் வராது.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது, செலவே இல்லாதது. 19 லிட்டர் பீர் 5 சதவீத ஆல்கஹாலுக்கு நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு 350 லிட்டருக்கும் மேல். அதைச் சும்மா அறைக்குள் விடுகிறோம். நொதிக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு குழாயைக் கெக்கின் பீர் முனையில் மாட்டி, வாயு முனையிலிருந்து இன்னொரு குழாயைத் தண்ணீர் வைத்த குவளைக்குள் விட்டால், அத்தனை வாயுவும் கெக்கைக் கழுவிக்கொண்டே போகும். குவளையில் குமிழ் வருவதை நின்று பார்க்கலாம். முனைகளுக்குள் இருக்கும் சின்ன வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வழி அடைத்தால் நொதிக்கும் பாத்திரத்தில் அழுத்தம் ஏறிவிடும்.

காற்று போன கெக்குக்குள் பீரை மூடியைத் திறக்காமல் அனுப்ப வேண்டும். குழாய் கொண்ட நொதிப் பாத்திரத்திலிருந்து கெக்கின் பீர் முனைக்கு ஒரு இணைப்பு. பீர் அடியிலிருந்து அமைதியாக ஏறும், மேலிருக்கும் வாயு மற்ற முனை வழியாக வெளியே போகும். அந்த வாயுவைத் திருப்பி நொதிப் பாத்திரத்தின் தலையிலேயே விட்டால் அங்கேயும் காற்று நுழையாது. எடை போடும் மெஷின் மேல் கெக்கை வைத்துவிட்டால் எவ்வளவு நிரம்பியது என்று தெரிந்துகொண்டே இருக்கும்.

கசிவு

நிரப்பி முடித்ததும் 30 பிஎஸ்ஐ ஒருமுறை கொடுங்கள். அந்த அழுத்தத்தில்தான் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காரும். அப்புறம் சோப்புத் தண்ணீரை மூடியைச் சுற்றியும், இரண்டு முனைகளிலும், சிலிண்டர் ரெகுலேட்டர் சந்திக்கும் இடத்திலும் தெளித்துப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு. பெரும்பாலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்திருக்கும் அல்லது வெட்டுப்பட்டிருக்கும். உணவுக்கு உகந்த சிலிகான் கிரீஸை விரலில் கொஞ்சம் எடுத்துத் தடவினால் பாதிப் பிரச்சினை தீரும், மீதிக்குப் புது ஓ-ரிங். பழைய கெக் வாங்கினால் எல்லா ஓ-ரிங்கையும் மாற்றிவிடுவதே நல்லது. பத்து வருஷம் ரூட் பீர் என்ற குளிர்பானத்தின் சிரப்பில் ஊறிய ரப்பர், உங்கள் பீரையும் ரூட் பீர் ஆக்கிவிடும்.

ஒரு தடவை வாயு முனையின் ஓ-ரிங் ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். முந்தின நாள் மாலை சிலிண்டர் மீட்டர் நிறைவாகக் காட்டியது. காலையில் 5 பவுண்டு வாயுவும் போயிருந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை, எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் இறங்காது, அறை வெப்பத்தில் சுமார் 850 பிஎஸ்ஐ, குளிர்பெட்டிக்குள் ஐநூறு சொச்சம் என்று ஒரே இடத்தில் நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் சரியும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நம் வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தே எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார்களே, அதுதான் சரியான முறை. சிலிண்டரின் கழுத்தில் அதன் காலி எடை பொறித்திருக்கும். எடை போட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும். சின்ன மூடிய அறையில் வைக்காதீர்கள், கசிந்த வாயு அங்கே தேங்கினால் மூச்சுமுட்டி உயிருக்கே ஆபத்து. அழுத்தத்தை முழுதாக வெளியேற்றாமல் கெக்கின் மூடியிலோ முனையிலோ கை வைக்கவே கூடாது.

நுரை ஏற்றுவதும் குளிரும்

வாயு ஏற்றுவதை நீட்டி முழக்கத் தேவையில்லை. குளிர்ந்த பீர் வாயுவை அதிகம் கரைத்துக்கொள்ளும், சூடான பீர் கக்கிவிடும். கெக்கை 3 டிகிரி செல்சியஸில் வைத்து 12 பிஎஸ்ஐ கொடுத்து இரண்டு வாரம் மறந்துவிட்டால், பீரின் அளவைப் போல இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கும். சாதாரண ஏல் வகைப் பீர்களுக்கு அது போதும். அவசரமென்றால் 30 பிஎஸ்ஐயில் ஒரு நாள் வைத்துப் பிறகு 12-க்கு இறக்கலாம். கெக்கை மடியில் போட்டு உருட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதில் அளவு தப்பினால் ஊற்றும்போது வெறும் நுரைதான் வரும். பொறுமையாக இருப்பவர்களுக்கே நல்ல பீர் கிடைக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் நுரையாகக் கொட்டினால், கெக்கிலிருந்து பீர் பிடிக்கும் குழாய்க்குப் போகும் டியூபைப் பாருங்கள். அது குட்டையாக இருக்கும். உள்விட்டம் 3/16 அங்குலமுள்ள டியூப் 3 மீட்டராவது வேண்டும். அந்த நீளத்தில் உரசித்தான் அழுத்தம் மெல்லக் குறைகிறது.

கெக்குக்குச் சர்க்கரை போட்டு வாயு ஏற்றும் முறையும் உண்டு. சிலிண்டரில் ஏற்றுவதைவிட நாளாகும். அடியில் கொஞ்சம் ஈஸ்ட் படியும். ஆனால் மறுபடி விழித்துக்கொள்ளும் ஈஸ்ட், தவறி நுழைந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். காற்றில்லாமல் நிரப்பும் வசதி இன்னும் அமையாதவர்களுக்கு இதை மனதாரச் சொல்வேன்.

நுரை ஏறிய பிறகும் கெக் குளிரிலேயே இருக்க வேண்டும். ஆலைக்காரர்களிடம் 3-30-300 என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், இந்த மூன்றிலும் பீர் ஏறக்குறைய ஒரே அளவு பழசாகும். துல்லியமான விதி இல்லை, ஆனால் போக்கு சரி. கோடையில் காரின் பின்பெட்டியில் ஒரு வாரக்கடைசி கிடந்த கெக், குளிர்பெட்டியில் பல மாதம் இருந்ததற்குச் சமம். இடம் இல்லையென்றால் ஐபிஏவை உள்ளே வையுங்கள், கறுத்த ஸ்டவுட்டை வெளியே குளிர்ந்த மூலையில் விடுங்கள். ஹாப்ஸ் மணக்கும் பீரை இரண்டு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஸ்டவுட் ஆறு மாதம் தாங்கும். ஆல்கஹால் மிகுந்த பார்லி ஒயின் என்ற பீர் ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் பேசவே ஆரம்பிக்கும்.

டியூப் என்னும் மறந்துபோன இடம்

கெக்கைப் பளபளவென்று தேய்ப்பவர்கள் கூட டியூபைக் கழுவ மறந்துவிடுகிறார்கள். அதற்குள் எப்போதும் கொஞ்சம் பீர் நிற்கிறது. மெல்லிய வினைல் சுவர் வழியாகக் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது. அதனால்தான் நாலு நாள் கழித்து ஊற்றும் முதல் மடக்கு மட்டும் வேறு சுவையாக இருக்கிறது. அதை ஊற்றிக் கொட்டிவிட்டு அடுத்ததைக் குடியுங்கள். ஆக்சிஜன் புகாத உள்பூச்சு கொண்ட டியூப்கள் இப்போது கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது குறைந்தது ஒவ்வொரு கெக் தீரும்போதும், பீர் டியூபைக் கழுவும் கார (ஆல்கலி) கரைசலை அதனுள் ஓட்டிவிட்டு நல்ல தண்ணீரால் அலசுங்கள். வெண்ணெய் வாசமோ லேசான புளிப்போ குழாயில் ஊற்றும்போது மட்டும் வந்தால், குற்றம் பீரில் இல்லை, டியூபில் பாக்டீரியா குடியேறியிருக்கிறது.

நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோக ஜாடியில் பிடிக்கிறீர்கள் என்றால், ஒரு துண்டு டியூபைக் குழாயில் செருகி ஜாடியின் அடிவரை விட்டு, முதலில் வாயுவால் ஜாடியை நிரப்பி, பிறகு மெதுவாகப் பிடித்து, நுரை வழியும்போதே மூடுங்கள். அப்படியும் அது இரண்டு நாள் பண்டம்தான்.

கெக் தீர்ந்துவிட்டது, கழுவ இன்றைக்கு நேரமில்லையா? மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு. அழுத்தத்தோடு அப்படியே விட்டுவைத்தால் அடியில் தங்கிய ஈஸ்ட் காய்ந்து ஒட்டாது, பூஞ்சையும் பிடிக்காது. ஓய்வான ஒரு நாளில் அழுத்தத்தை விடுவித்துத் திறந்து, வெந்நீரும் ஆல்கலி வகைக் கழுவு தூளும் போட்டு ஊறவையுங்கள். இரண்டு முனைகளையும் கழற்றி வால்வை வெளியே எடுங்கள். நீளக் குழாய்க்குள் அதற்கென்று விற்கும் மெல்லிய பிரஷ்ஷை ஒருமுறை இறக்கி இழுங்கள். வெளியே வரும் பழுப்புக் கசடைப் பார்த்தால், அந்தக் குழாயை அடுத்த தடவை மறக்க மாட்டீர்கள்.